கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பை முழுதாக எடுப்பதா? மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “முழுசா எடுத்துடுங்க, அதுதான் சேஃப்.” டாக்டரோ, “ரெண்டு வழி இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். எதை வைத்து யோசிப்பது, யாரிடம் என்ன கேட்பது, என்னென்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் அலைந்து திரிந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் சிகிச்சை எடுக்கப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்ப நிலையில் இருக்கும் புற்றுநோயில், கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தாலும், மார்பை முழுதாக எடுத்தாலும், ஆயுள் ஒன்றுதான். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பெண்களை 20 வருடம் தொடர்ந்து கவனித்து இதை உறுதி செய்துவிட்டார்கள். அந்த முடிவுகள் 2002-லேயே வந்துவிட்டன. அதனால் “எது சேஃப்” என்று கேட்டுக் குழம்ப வேண்டாம். கேட்க வேண்டியவை வேறு. இந்தக் கட்டிக்கு இரண்டு வழியும் ஒத்துவருமா? ரேடியேஷனை இடையில் விடாமல் முடிக்க நம்மால் முடியுமா? இந்த உடம்போடு வாழப்போகிற பெண்ணுக்கு எது வேண்டும்?

1. முதலில் ஊசி பயாப்சி

“கட்டிதானே, எடுத்துட்டு டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்” என்று பக்கத்து நர்சிங் ஹோமில் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நம் ஊரில் அதிகம் பேர் விழும் குழி இதுதான். என்ன வகை நோய் என்று தெரியாமல் கட்டியை வெட்டி எடுத்துவிட்டால், ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறதா என்று தெரியாது. கீமோவை முதலில் கொடுக்கும் வாய்ப்பும் போய்விடும். பெரும்பாலும் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும்.

சரியான வரிசை இது: முதலில் இரண்டு பக்கத்துக்கும் மம்மோகிராம், கூடவே மார்புக்கும் அக்குளுக்கும் அல்ட்ராசவுண்ட், அப்புறம் ட்ரூகட் பயாப்சி. பயாப்சிக்குப் பிறகு உள்ளே ரத்தம் கட்டி வீங்கியிருக்கும்போது மம்மோகிராம் எடுத்தால் படம் தெளிவாக இருக்காது. எஃப்.என்.ஏ.சி. என்னும் மெல்லிய ஊசி டெஸ்ட் மட்டும் போதாது. அது செல்லைக் காட்டும், சதைத் துண்டு கிடைக்காது. ட்ரூகட்டில்தான் துண்டு கிடைக்கும். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள், படுக்கையில் சேர வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்தப் பயத்தால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கட்டி புண்ணாகி வருகிறவர்களை வார்டில் பார்த்தேன். மனசு ஆறவில்லை.

பயாப்சியில் புற்றுநோய் என்று வந்தால் அதே துண்டில் ஐ.எச்.சி. டெஸ்ட் செய்வார்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று விஷயம் வரும். முதல் இரண்டும் நோய் ஹார்மோனால் வளர்கிறதா என்று காட்டும் (இவை இருந்தால் ஹார்மோன் பாசிட்டிவ்), ஹெர்-2 என்பது நோயை வளர்க்கும் ஒரு புரதம். பல இடங்களில் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கே.ஐ.-67 என்ற நான்காவதும் இருக்கும். இதற்கு ஒரு வாரம் வரை ஆகலாம். ஹெர்-2 கணக்கு 2+ என்று வந்தால் இரண்டுங்கெட்டான் என்று அர்த்தம். ஃபிஷ் என்று இன்னொரு டெஸ்ட் செய்தே ஆக வேண்டும், அதற்கு மேலும் சில நாள் பிடிக்கும். அந்த ரிசல்ட் வரும் முன் ஆபரேஷன் தேதி கொடுத்தால், ஏன் அவசரம் என்று கேளுங்கள். இந்த நோயில் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு சரியாக முடிவு செய்வதால் எதுவும் கெட்டுப்போவதில்லை. இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுவதுதான் கெடுதல்.

2. ஃபைல்

எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் நாளே கேட்பார்கள்:

- மம்மோகிராம், அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டோடு ஃபிலிம் அல்லது சி.டி.
- பயாப்சி ரிப்போர்ட், ஐ.எச்.சி. ரிப்போர்ட்
- பயாப்சி செய்த லேபில் இருக்கும் ஸ்லைடுகளும் (மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடித் தகடுகள்), சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும்
- சர்க்கரை, பி.பி., இதயம், தைராய்டுக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள்
- ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, நாலைந்து போட்டோ. எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ்

ஸ்லைடும் பிளாக்கும் முக்கியம். பெரிய மருத்துவமனைகள் வெளி லேப் ரிப்போர்ட்டை அப்படியே ஏற்பதில்லை. ஸ்லைடை வாங்கித் தாங்களே மறுபடி பார்ப்பார்கள். பிளாக் இல்லையென்றால் இரண்டாம் முறை ஊசி குத்த வேண்டி வரும். லேபில் எழுதிக் கேட்டால் கொடுப்பார்கள். நோயாளியின் அடையாள அட்டையோடு வீட்டு ஆள் நேரில் போக வேண்டும்.

இன்னொன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். பதற்றத்தில் கேட்டதில் பாதி வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடும்.

3. எங்கே காட்டுவது

மார்பகப் புற்றுநோயில் சர்ஜன் ஒருவர் மட்டும் முடிவு எடுக்கக் கூடாது. சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், சதைத் துண்டைப் பரிசோதிக்கும் பெத்தாலஜிஸ்ட், ஸ்கேன் படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேஸைப் பேசும் கூட்டத்துக்கு டியூமர் போர்டு என்று பெயர். “எங்க கேஸ் டியூமர் போர்டுல பேசுவீங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். பேசுவோம் என்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை பலரும் போகும் இடங்கள். அருகில் எது என்று தெரியவில்லையென்றால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

இரண்டாவது கருத்து கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. நல்ல டாக்டர்கள் தாங்களே ஸ்லைடைக் கொடுத்து அனுப்புவார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை நிபுணர்களின் கருத்தை நவ்யா என்ற சேவை மூலம் ஆன்லைனிலேயே பெற முடியும். ரிப்போர்ட்டுகளைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.

4. கீமோ முதலிலா, ஆபரேஷன் முதலிலா

இதைக் கேட்காமலே பல குடும்பங்கள் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிடுகின்றன. கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, ஹெர்-2 பாசிட்டிவ் அல்லது மூன்றுமே நெகட்டிவ் என்று வந்திருந்தாலோ, கீமோவை முதலில் கொடுப்பது வழக்கம். கட்டி சுருங்கிவிட்டால், முழு மார்பையும் எடுக்க வேண்டியிருந்த பெண்ணுக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்ற நிலை வரலாம். மருந்து எவ்வளவு வேலை செய்தது என்பதும் தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் அடுத்த மருந்தை முடிவு செய்வார்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கீமோ நன்றாக வேலை செய்தால் கட்டி காணாமலே போய்விடும். சந்தோஷம்தான். ஆனால் சர்ஜன் எந்த இடத்தை எடுப்பார்? அதனால் கீமோ தொடங்குவதற்கு முன்பே கட்டிக்குள் ஒரு சின்ன உலோக கிளிப்பை ஊசி வழியாக வைக்க வேண்டும். கடுகு அளவுதான் இருக்கும். இதை வைக்காமல் விட்டால், கட்டி மறைந்தும்கூட மார்பை முழுதாக எடுக்க வேண்டிய நிலைமை வரலாம். “கிளிப் வெச்சாச்சா?” என்ற கேள்வியை முதல் கீமோவுக்கு முன்பே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி கீமோ முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துப் பொதுவாக ஆபரேஷன் வைப்பார்கள்.

5. இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

கட்டியை மட்டும் எடுப்பது: லம்பெக்டமி என்பார்கள். கட்டியையும் அதைச் சுற்றி நல்ல சதையில் கொஞ்சத்தையும் எடுப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். அதன் பிறகு ரேடியேஷன், ஊர்வழக்கில் கரண்ட் வைப்பது, கட்டாயம். நான் சொன்ன அமெரிக்க ஆய்வில், ரேடியேஷன் எடுத்தவர்களில் 20 வருடத்தில் அதே மார்பில் மறுபடி நோய் வந்தவர்கள் சுமார் 14 சதவீதம். எடுக்காதவர்களில் சுமார் 39 சதவீதம். ரேடியேஷன் இல்லாத லம்பெக்டமி பாதி சிகிச்சை. 65, 70 வயதைத் தாண்டிய, சின்னக் கட்டி உள்ள, ஹார்மோன் பாசிட்டிவ் பெண்கள் சிலருக்கு மட்டும் மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும்.

எடுத்த துண்டின் ஓரத்தில் நோய் தெரிந்தால் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வரலாம் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் நோயாளி மேஜையில் இருக்கும்போதே ஓரத்தைப் பார்க்கும் வசதி உண்டு. ஃப்ரோசன் செக்‌ஷன் என்பார்கள். இருக்கிறதா என்று கேளுங்கள்.

மார்பை முழுதாக எடுப்பது: மாஸ்டெக்டமி. அக்குள் நெறிகளையும் சேர்த்து எடுத்தால் எம்.ஆர்.எம். என்று ஃபைலில் எழுதியிருக்கும். சில நாள் படுக்கை, ஒன்றிரண்டு வாரம் உள்ளே சேரும் நீரை வெளியே எடுக்கும் டிரெயின் குழாய். மார்பு இருந்த இடத்தில் நீளமான தழும்பு இருக்கும், மரத்துப்போன உணர்வும் இருக்கும்.

இதில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று: “முழுசா எடுத்தா கரண்ட் வேண்டாம், கீமோவும் வேண்டாம்” என்ற நம்பிக்கை. இரண்டுமே உத்தரவாதம் இல்லை. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேல் நெறிகளில் நோய் இருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் ரேடியேஷன் உண்டு. ஒன்று முதல் மூன்று நெறிகளில் இருந்தால்கூடப் பல சமயம் உண்டு. கீமோ என்பது நோயின் குணத்தைப் பொறுத்தது, எந்த ஆபரேஷன் செய்தோம் என்பதைப் பொறுத்தது இல்லை. ரேடியேஷனுக்குப் பயந்து மார்பைக் கொடுக்க நினைக்கிறவர்கள், “மாஸ்டெக்டமி செஞ்சாலும் எங்களுக்கு ரேடியேஷன் வருமா?” என்று முதலில் கேட்டுவிடுங்கள். வரும் என்றால் கணக்கே மாறிவிடுகிறது.

லம்பெக்டமி ஒத்துவராத நிலைமைகளும் உண்டு. ஒரே மார்பில் வெவ்வேறு மூலைகளில் கட்டி, மம்மோகிராமில் மார்பு முழுக்கச் சந்தேகமான சுண்ணாம்புப் புள்ளிகள், தோல் சிவந்து வீங்கும் வகைப் புற்றுநோய், அதே பக்கத்தில் முன்பே ரேடியேஷன் எடுத்திருப்பது, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்கள் என்றால் டாக்டர் மாஸ்டெக்டமிதான் சொல்வார். அப்போது அதற்கு ஒப்புக்கொள்வதுதான் சரி. கட்டி பெரிது, மார்பு சின்னது என்பது மட்டும் காரணம் என்றால், கீமோவால் சுருக்கலாமா, பக்கத்துச் சதையை நகர்த்தி வடிவம் கொடுக்கும் ஆங்கோபிளாஸ்டிக் முறை செய்யலாமா என்று கேட்கலாம்.

இனி ரேடியேஷன் நடைமுறை. முடிவு இதில்தான் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் 15 அல்லது 16 சிட்டிங், திங்கள் முதல் வெள்ளி, மூன்று வாரம். கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னும் ஒரு வாரம் வரை கூடும். சில இடங்களில் 25 சிட்டிங், சில இடங்களில் தகுந்தவர்களுக்கு 5 சிட்டிங்கிலேயே முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் மெஷினில் படுப்பது பத்துப் பதினைந்து நிமிஷம்தான். காத்திருப்பதும் போய்வருவதும்தான் பாதி நாளைத் தின்னும். அதனால் இந்தக் கணக்கைப் போடுங்கள்: மெஷின் இருக்கும் ஊருக்கு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? தினமும் போய்வர முடியுமா, இல்லை அங்கே தங்க இடம் கிடைக்குமா? கூட யார் வருவார்கள்? வீட்டில் சின்னப் பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் யார் பார்த்துக்கொள்வார்கள்? இடது பக்க மார்பு என்றால், இதயத்தைக் காக்க மூச்சை இழுத்துப் பிடித்துக் கொடுக்கும் முறை அங்கே இருக்கிறதா?

ரேடியேஷனை முடிக்க வழி இருக்கிறதென்றால், மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷனைப் பற்றி முதலில் கேளுங்கள் என்பதுதான் என் கருத்து. வழியே இல்லை, பாதியில் நின்றுவிடும் என்று நன்றாகத் தெரிந்தால் மாஸ்டெக்டமி நல்ல முடிவு. அதைத் தேர்ந்தெடுக்கிற பெண் எதையும் விட்டுக்கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மனசுக்குள் பயம் தீராமல் தினமும் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன், எனக்கு முழுதாகப் போய்விட வேண்டும் என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்னால் அதுவும் நியாயமான காரணம்தான்.

ஆனால் சொல்வது அவராக இருக்க வேண்டும். ஓ.பி. அறையில் டாக்டர் நோயாளியை விட்டுவிட்டுக் கணவரையும் மகனையும் பார்த்துப் பேசுவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். “அம்பத்தஞ்சு வயசாச்சு, இனிமே எதுக்கு” என்று உறவுக்காரர்கள் சொல்வதையும் கேட்டேன். எதற்கு என்பதை அந்த அம்மாதான் சொல்ல வேண்டும். நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவைத்துக்கொண்டு மார்பை எடுப்பதைப் போல ஒரு அநியாயம் கிடையாது. டாக்டரிடம் பேசும்போது அவரை நடு நாற்காலியில் உட்கார வையுங்கள்.

இன்னொரு பக்க மார்பையும் சேர்த்து எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். மரபணுக் கோளாறு இல்லாத பெண்களுக்கு அதனால் ஆயுள் கூடுவதில்லை. இளம் வயதில் நோய் வந்தவர்கள், மூன்றும் நெகட்டிவ் என்று வந்தவர்கள், அம்மா, அக்கா, சித்தி, அத்தை வகையில் மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தவர்கள் அந்த மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் பி.ஆர்.சி.ஏ. ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ரிசல்ட் வர மூன்று நான்கு வாரம் ஆகும், அதனால் முன்பே ரத்தம் கொடுத்துவிட வேண்டும்.

6. அக்குளை மறக்காதீர்கள்

எல்லோரும் மார்பைப் பற்றியே பேசுவோம். வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கக்கூடியது அக்குள் ஆபரேஷன்தான். அங்குள்ள நெறிகளை மொத்தமாக எடுத்தால் கை வீக்கம் வர வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. முதலில் வடிகட்டும் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் கண்டுபிடித்து எடுத்துப் பார்க்கும் சென்டினல் நோடு முறையில் அது ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான். ஸ்கேனில் அக்குள் சுத்தமாக இருந்தால், “சென்டினல் நோடு செய்வீங்களா?” என்று கட்டாயம் கேளுங்கள்.

நீல மருந்து போட்டுத்தான் பல இடங்களில் அந்த நெறியைக் கண்டுபிடிப்பார்கள். ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு நாள் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும். பதறிப்போய் நர்ஸை எழுப்ப வேண்டாம்.

7. மார்பை மறுபடி அமைப்பது

மாஸ்டெக்டமி என்றால், எடுக்கும்போதே அமைப்பதா, ஒரு வருடம் கழித்தா, வேண்டவே வேண்டாமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். சிலிக்கான் இம்ப்ளான்ட் வைக்கலாம், முதுகுச் சதையையோ வயிற்றுச் சதையையோ கொண்டும் அமைக்கலாம். வயிற்றுச் சதை ஆபரேஷன் பல மணி நேரம் எடுக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பிடிப்பவர்களுக்கும் புண் ஆறுவது சிரமம். பின்னால் ரேடியேஷன் வரும் என்றால் இம்ப்ளான்ட் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம், அதனால் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

இது எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குப் பிராவுக்குள் வைக்கும் செயற்கை மார்பு கிடைக்கிறது. தழும்பு ஆறும்வரை பஞ்சு அல்லது பின்னல் நூலில் செய்தது, ஆறிய பிறகு எடையுள்ள சிலிக்கான். எடை சமமாக இல்லாவிட்டால் தோளும் முதுகும் வலிக்கும். அளவு பார்த்து வாங்குங்கள்.

8. பணம்

அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் இலவசம். காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப வருமானம் வருடம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் திட்ட மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றுதான் தாமதமாகும். பயாப்சி கொடுத்த அன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். அந்த மருத்துவமனை மார்பகப் புற்றுநோய்க்கும், ரேடியேஷனுக்கும் திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆபரேஷனுக்கு இருக்கும், ரேடியேஷனுக்கு இருக்காது என்று பாதியில் தெரிந்தால் திண்டாட்டம்.

தனியாரில் நாங்கள் விசாரித்தவரை சுமாராகச் சொல்கிறேன். சென்னையில் ஆபரேஷனுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை, ரேடியேஷனுக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை சொன்னார்கள். லம்பெக்டமிக்கும் மாஸ்டெக்டமிக்கும் ஆபரேஷன் பில்லில் பெரிய வித்தியாசம் இல்லை. ரேடியேஷன் சேருவதுதான் வித்தியாசம். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். மயக்க மருந்து டாக்டர் கட்டணம், ஃப்ரோசன் செக்‌ஷன், சென்டினல் நோடு மருந்து, பெத்தாலஜி, இம்ப்ளான்ட் இவையெல்லாம் அதில் அடக்கமா, தனியா என்று வரிவரியாகக் கேளுங்கள்.

தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ரூம் வாடகைக்கு பாலிசியில் உச்சவரம்பு இருந்து, அதைத் தாண்டிய ரூம் எடுத்தால், வாடகை மட்டுமின்றி மற்ற பல கட்டணங்களிலும் அதே விகிதத்தில் பிடித்தம் செய்வார்கள். அடுத்தது, மார்பை மறுபடி அமைக்கும் ஆபரேஷனை “அழகுக்காகச் செய்வது” என்று சொல்லி மறுத்தால் விடாதீர்கள். அழகு ஆபரேஷன்களுக்குப் பணம் இல்லை என்று சொல்லும் அந்த விதியிலேயே, புற்றுநோய்க்குப் பிறகு மறுபடி அமைப்பதற்கு விலக்கு இருக்கிறது. பாலிசியில் அந்த வரியை அடிக்கோடிட்டு, டாக்டரின் கடிதத்தோடு அனுப்புங்கள்.

ஈ.எஸ்.ஐ. பிடிக்கும் பனியன் கம்பெனி, மில், ஷோரூம் வேலையில் இருக்கும் பெண்கள் அந்த அட்டையை மறக்க வேண்டாம். சிகிச்சையோடு, தகுதியான சேவைக்காலம் இருந்தால் புற்றுநோய்க்கு நீண்ட விடுப்பில் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். ரயிலிலும் சலுகை உண்டு: சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் மருத்துவமனை டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஓ.பி. நேரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

9. சேரும் நாளும் சம்மதப் படிவமும்

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலு, தளர்வான ஜாக்கெட், சின்னத் தலையணை ஒன்று (அக்குளுக்கும் கைக்கும் நடுவே வைத்துக்கொள்ள), எல்லா மாத்திரைகளும். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று முன்பே கேட்டுவிட வேண்டும். நகப்பூச்சு, மருதாணி வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாது.

சம்மதப் படிவம் பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலம், நர்ஸ் அவசரமாக இருக்கும்போதுதான் கைக்கு வரும். நின்று படியுங்கள். எந்தப் பக்கம், இடதா வலதா என்று எழுதியிருக்கிறதா? லம்பெக்டமி என்று பேசியிருந்தால் “தேவைப்பட்டால் மாஸ்டெக்டமி” என்று கூடவே ஒரு வரி இருக்கக்கூடும். அந்த வரி வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளி முடிவு செய்யட்டும். ஓரத்தில் நோய் இருந்தால் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம், என்னைக் கேட்காமல் முழுதாக எடுக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. ஒரே மயக்கத்தில் முடியட்டும் என்று நினைத்தால் அப்படியே விடலாம். புரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

டிரெயின் என்பது தையலுக்குக் கீழிருந்து வரும் மெல்லிய குழாயும் அதன் நுனியில் அமுக்கிவைத்த பிளாஸ்டிக் குடுவையும். முதலில் சிவப்பாக வரும் நீர், நாளாக ஆக வெளிர் மஞ்சளாகும். தினமும் ஒரே நேரத்தில் குடுவையின் அளவுக் கோட்டைப் பார்த்து, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதிவிட்டுக் காலி செய்து, மறுபடி அமுக்கி மூட வேண்டும். அமுக்காமல் மூடினால் உறிஞ்சாது. பொதுவாக ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுத்துவிடுவார்கள். குடுவையைத் தொங்கவிட்டால் தையல் இழுக்கும். சின்னத் துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் நடக்கவும் குளிக்கப் போகவும் வசதி. காய்ச்சல், நீர் நாற்றம், திடீரென்று சிவப்பு ரத்தம், தையலைச் சுற்றிச் சிவந்து சுடுவது இவற்றில் எது இருந்தாலும் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம்.

கைப் பயிற்சியை வலிக்குப் பயந்து தள்ளிப்போட்டால் தோள் இறுகிவிடும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து, சுவர் பக்கம் நின்று விரல்களால் மேலே மேலே ஏறிப்போவதைத் தினமும் செய்ய வைக்கணும். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த நாள் அதைத் தாண்டப் பார்ப்பார். ஊசியும் ரத்தமும் முடிந்தவரை மறு கையில். அக்குள் நெறி எடுத்த கையில் சூடு, வெட்டு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை கனத்தால், மோதிரமோ வளையலோ இறுகினால் உடனே காட்டுங்கள், ஆரம்பத்திலேயே பிடித்தால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைக்கலாம்.

11. ரிப்போர்ட்டும் அடுத்த தேதிகளும்

எடுத்த சதையின் பெத்தாலஜி ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதில் கட்டியின் அளவு, கிரேடு (எவ்வளவு தீவிரமான வகை என்பது), ஓரம் சுத்தமா, எத்தனை நெறி எடுத்தார்கள், எத்தனையில் நோய் என்ற ஐந்தையும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் “ரிப்போர்ட் வரவேண்டியுள்ளது” என்று இருக்கும். அதை வாங்காமல் விட்டவர்கள் அதிகம்.

கீமோ இன்னும் பாக்கி என்றால் புண் ஆறியதும், பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ரேடியேஷன் கீமோவுக்குப் பிறகு. ரேடியேஷன் மெஷினுக்குக் காத்திருப்போர் வரிசை நீளம் என்பதால், கடைசி கீமோ வரை காத்திராமல் முன்பே ரேடியேஷன் டாக்டரைப் பார்த்துப் பெயர் பதிந்துவிடுங்கள். முதல் சிட்டிங்குக்கு முன் சி.டி. எடுத்து உடம்பில் குறி போடுவார்கள். அந்த மைக் குறி அழியாமல் குளிக்க வேண்டும். அந்த இடத்தில் பவுடர், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம், பருத்தி உள்ளாடைதான் நல்லது.

ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் குறைந்தது ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை. பலர் ஒரு வருடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மூட்டு வலி, உடம்பு சூடு தாங்கவில்லையென்றால் டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்தாதீர்கள். லம்பெக்டமி செய்தவர்களுக்கு இரண்டு பக்கமும், மாஸ்டெக்டமி செய்தவர்களுக்கு மறுபக்கம் மட்டும், வருடம் ஒரு மம்மோகிராம். லம்பெக்டமிக்கு அப்புறம் முதல் மம்மோகிராம் ரேடியேஷன் முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள். தேதியை டிஸ்சார்ஜ் அன்றே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், போகும்போது பழைய ஃபிலிம்களையும் எடுத்துப் போங்கள். பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தழும்பு எது, புதுசு எது என்று ரேடியாலஜிஸ்ட்டால் சொல்ல முடியும்.